லோடு கன்ட்ரோலில் 5 வருஷம்: டிஸ்பாட்சர் வேலைக்கு இது அனுபவமாகுமா?

3 பிப்ரவரி 2024 (கேள்வி)

சென்னை விமான நிலையத்தில் ராம்ப்பில் (விமானம் நிற்கும் தளத்தில்) 2 வருஷம், அப்புறம் லோடு கன்ட்ரோலில் 5 வருஷம். விமானத்தின் எடையும் சமநிலையும் கணக்கிடும் டிரிம் ஷீட் போடுவதுதான் வேலை. கல்யாணமாகி டல்லாஸ் வந்தாச்சு, கிரீன் கார்டும் கையில் இருக்கிறது. வயது 31. இங்கே டிஸ்பாட்சர், அதாவது தரையிலிருந்து விமானத்துக்குத் திட்டம் போட்டு அனுப்புபவர், ஆக வேண்டும் என்று ஆசை. எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் "பார்ட் 121 டிஸ்பாட்ச் அனுபவம் 2 வருஷம்" என்று போட்டிருக்கிறார்கள் (பார்ட் 121 என்பது ஏர்லைன்களுக்கான விதி). என் 7 வருஷத்துக்கு மதிப்பே இல்லையா? வேலையே கொடுக்காமல் அனுபவம் கேட்டால் எங்கிருந்து கொண்டுவருவது?

3 பிப்ரவரி, இரவு (பதில்)

தம்பி, மதிப்பு உண்டு. லைசென்ஸ் வாங்கும் இடத்தில் அது செல்லாது, விளம்பரத்தில் இருக்கும் அந்த "2 வருஷம்" வரியிலும் செல்லாது. டிஸ்பாட்ச் மேஜையில் உட்கார்ந்த பிறகு செல்லும்.

இப்போதைக்குச் சுருக்கமாக: பள்ளியில் சேர், லைசென்ஸ் எடு, சின்ன விமானங்களை ஓட்டும் ஒரு ரீஜனல் ஏர்லைனில் 2 வருஷம் வேலை பார், அப்புறம் பெரிய ஏர்லைன்களுக்குப் போடு. நான் வந்த வழி அதுதான். ரீஜனலில் 5 வருஷம், பெரிய ஏர்லைனில் இப்போது 9 வருஷம். கடைசி 3 வருஷமாக இன்டர்வியூ எடுக்கும் குழுவிலும் உட்காருகிறேன். ஷிப்ட் முடிந்து மீதியை எழுதுகிறேன்.

4 பிப்ரவரி 2024

முதலில் லைசென்ஸ். அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ.யின் விதிகளில் பார்ட் 65. வயது 23 ஆகியிருக்க வேண்டும், எழுத்துத் தேர்வை மட்டும் 21லேயே எழுதலாம். 80 கேள்வி, 3 மணி நேரம், 70 வாங்கினால் தேர்ச்சி. அதற்குப் பிறகு நேர்முகத் தேர்வு. தேர்வாளர் எதிரில் உட்கார்ந்து வாயால் பதில் சொல்லவும் வேண்டும், அன்றைய வானிலையை வைத்து ஒரு விமானத்துக்கு முழுத் திட்டம் போட்டுக் காட்டவும் வேண்டும்.

தேர்வுக்குப் போக இரண்டு வழி. எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் பெற்ற பள்ளியில் குறைந்தது 200 மணி நேரப் படிப்பு. பல பள்ளிகள் 5, 6 வாரத்தில் முடித்துவிடுகின்றன. அல்லது விமானத் துறையில் 2 வருஷ அனுபவம். உனக்குத்தான் 7 வருஷம் இருக்கிறதே, பள்ளிச் செலவு மிச்சமாகலாம்.

6 பிப்ரவரி 2024

மேலே எழுதியதில் கடைசி வரி தப்பு. அதை நம்பி யாரும் பள்ளிக்குக் கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேட்டுவிடாதீர்கள்.

பார்ட் 65இல் இருக்கும் 65.57ஆம் விதியை எடுத்து மறுபடி படித்தேன். அந்த 2 வருஷம் விண்ணப்பத்துக்கு முந்தைய 3 வருஷத்துக்குள் இருக்க வேண்டும். எந்த வேலை என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது: ராணுவத்தில் விமானி, நேவிகேட்டர், வானிலையாளர், பார்ட் 121 ஏர்லைனில் விமானி, ஃப்ளைட் இன்ஜினியர், வானிலையாளர், அல்லது லைசென்ஸ் உள்ள டிஸ்பாட்சரின் நேரடி மேற்பார்வையில் உதவியாளர், ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர், ஃப்ளைட் சர்வீஸ் வேலை. இவற்றுக்குச் சமம் என்று எஃப்.ஏ.ஏ. ஏற்றுக்கொள்ளும் வேறு வேலை என்று கடைசியில் ஒரு சந்தும் விட்டிருக்கிறார்கள். ராம்ப், லோடு கன்ட்ரோல் எதுவும் பேர் சொல்லிப் பட்டியலில் இல்லை. அந்தச் சந்தில் நுழையப் பார்த்து மாதக்கணக்கில் காத்திருக்காதே. பள்ளிக்கே போ.

22 வயது என்று கேட்டிருந்த இன்னொரு தம்பிக்கு: எல்லாத் தேர்வையும் முடித்துவிட்டால் தகுதிக் கடிதம் ஒன்று தருவார்கள். 23 முடிந்ததும் அதைக் கொடுத்து லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம்.

11 பிப்ரவரி 2024

"பார்ட் 121 அனுபவம் என்று ஏன் அவ்வளவு பிடிவாதம்? சார்ட்டர் (வாடகை விமான) கம்பெனியில் நானும் ஃப்ளைட் பிளான் போடுகிறேனே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

அமெரிக்காவில் அட்டவணைப்படி பறக்கும் ஏர்லைன்களில் விமானம் கிளம்ப இரண்டு பேர் சம்மதம் வேண்டும். கேப்டன் ஒருவர், தரையில் இருக்கும் டிஸ்பாட்சர் ஒருவர். ரிலீஸ் என்ற தாளில் இரண்டு பேர் பெயரும் இருக்கும். எரிபொருள் எவ்வளவு, போகிற இடம் மூடிக்கொண்டால் எங்கே இறங்குவது, எந்த வழியில் போவது என்பதற்கெல்லாம் இரண்டு பேரும் கூட்டுப் பொறுப்பு. டிஸ்பாட்சர் "கூடாது" என்றால் கேப்டன் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் விமானம் நகராது. பறந்துகொண்டிருக்கும்போது நிலைமை கெட்டால் கேப்டனுக்குச் சொல்ல வேண்டியதும் டிஸ்பாட்சர் கடமை.

இது சும்மா வந்த ஏற்பாடு இல்லை. 1935 மே மாதம் மிசௌரியில் டி.டபிள்யூ.ஏ. விமானம் ஒன்று விழுந்தது. மோசமான வானிலை, தீர்ந்துகொண்டிருந்த எரிபொருள். இறந்தவர்களில் நியூ மெக்சிகோ செனட்டர் பிரான்சன் கட்டிங் ஒருவர். அதில் எழுந்த கூச்சல் 1938ஆம் ஆண்டுச் சட்டம் வரை போனது. தரையிலும் பொறுப்பேற்க லைசென்ஸ் உள்ள ஓர் ஆள் வேண்டும் என்ற நிலைமை அந்தக் காலத்தில் வந்ததுதான்.

சார்ட்டர் கம்பெனிகள் பலவற்றில் நீங்கள் போடும் பிளான் நல்ல பிளானாகவே இருக்கும். ஆனால் முடிவு விமானியுடையது, அல்லது கம்பெனி நிர்வாகத்துடையது. உங்கள் லைசென்ஸ் அந்தத் தாளில் மாட்டியிருக்காது. இன்டர்வியூவில் நாங்கள் தேடுவது அந்தக் கையெழுத்தைத்தான். பிளான் போடத் தெரியுமா என்பதை ஒரு பரீட்சை வைத்தே பார்த்துவிடலாம்.

12 பிப்ரவரி 2024

நேற்றையதை இன்று படித்தால் சார்ட்டர் ஆட்களைக் குறைத்துப் பேசியது போல இருக்கிறது. அப்படி நினைக்கவில்லை. நடு ராத்திரியில் வெளிநாட்டு அனுமதிக்காகத் தனி ஆளாகப் பத்து நாட்டு அலுவலகங்களுக்கு ஃபோன் போட்டவர்கள் அவர்கள். எங்களில் பலருக்கு அது வராது.

25 பிப்ரவரி 2024

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வானிலை அறிக்கையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். அல்டர்நேட், அதாவது இறங்க மாற்று ஊர், எப்போது கட்டாயம் என்று கேட்பார்கள்: போய்ச் சேரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் ஒரு மணி பின்னும் மேகத்தளம் 2,000 அடியும் பார்வைத் தூரம் 3 மைலும் இல்லையென்றால் போட்டாக வேண்டும். உள்நாட்டு எரிபொருள் கணக்கு: போகும் இடம் வரை, அங்கிருந்து அல்டர்நேட் வரை, அதற்கு மேல் 45 நிமிஷம். இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். வராவிட்டால் மேலே பேச்சே கிடையாது. வந்துவிட்டால் மட்டும் வேலை கிடைத்துவிடாது.

என் கதையைச் சொல்கிறேன். ரீஜனலில் தனியாக மேஜையைப் பிடித்து 3 மாதம் ஆகியிருந்தது. மே மாதச் சாயங்காலம், அந்த ஷிப்டில் 45 விமானம் என் பெயரில். அதில் ஒன்று கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து டல்லாஸ் வரும் 50 சீட் சி.ஆர்.ஜே. ஜெட். டல்லாஸுக்கு வடமேற்கே ஓர் இடிமழைக் கோடு கிளம்பித் தென்கிழக்காக நகர்ந்துகொண்டிருந்தது. அல்டர்நேட் வேண்டும். ஆஸ்டின் வானிலைக் கணிப்பைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஆஸ்டின் என்று போட்டு அனுப்பிவிட்டேன். விதிப்படி ஒரு குறையும் இல்லை.

விமானம் விச்சிட்டா ஃபால்ஸ் பக்கம் வந்தபோது டல்லாஸ் மூடிக்கொண்டது. வட்டமடிக்கச் சொல்லிவிட்டார்கள். ரேடாரைப் பார்த்தால் கோடு தெற்கே நீண்டுகொண்டே போகிறது. என் விமானம் மழைக்கு இந்தப் பக்கம், நான் எழுதிக்கொடுத்த ஆஸ்டின் மழைக்கு அந்தப் பக்கம். கை சில்லிட்டுப் போயிற்று. பக்கத்து மேஜைப் பெரியவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். திரையில் விரலை வைத்தார். "விமானம் எந்தப் பக்கம் நிக்குது? மழை எந்தப் பக்கம் போகுது? மழை போகாத பக்கமா ஓர் ஊரைக் கொடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். லபக். வானிலை பார்த்தேன், நிற்கிற இடத்திலிருந்து எரிபொருள் கணக்குப் போட்டேன், தாராளமாக இருந்தது. கேப்டனுக்குச் செய்தி அனுப்பினேன், ஒத்துக்கொண்டார். ரிலீஸைத் திருத்தினோம். கொஞ்ச நேரத்தில் ஆஸ்டின் கணிப்பிலும் இடிமழையைச் சேர்த்துவிட்டார்கள். லபக்கில் இறங்கி, எண்ணெய் போட்டுக்கொண்டு, இரண்டரை மணி நேரம் தாமதமாக டல்லாஸ் வந்து சேர்ந்தார்கள்.

பெரிய ஏர்லைன் இன்டர்வியூவில் "நீங்கள் தப்பாக எடுத்த முடிவு ஒன்று" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். குழுவில் இருந்த ஒருவர், "அதுக்கப்புறம் மழைக்கு முன்னாடி இருக்கிற ஊரை அல்டர்நேட்டாப் போட்டதுண்டா?" என்று கேட்டார். "உண்டு, விமானமும் அதே பக்கத்திலிருந்து வந்தால்" என்றேன். தலையாட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

17 மார்ச் 2024

முதல் நாள் "2 வருஷம் ரீஜனல்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த வாரம் இன்டர்வியூ நடந்தது. ஆள் அடையாளம் தெரியாத அளவுக்குச் சொல்கிறேன்.

ஒருவருக்கு 8 வருஷ அனுபவம். கேள்விக்கெல்லாம் பதில் சரி. "கேப்டன் உங்களிடம் வாதாடிய ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்றோம். அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்றார். 8 வருஷத்தில் ஒரு கேப்டன்கூட இவரோடு முரண்படவில்லை என்றால், கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறார். இன்னொருவருக்கு 14 மாதம்தான். பனி விழும் ராத்திரியில் ஒரு கேப்டன் கூடுதல் எரிபொருள் கேட்டதும், எடை இடிப்பதால் இவர் மறுத்ததும், இரண்டு பேரும் ஃபோனில் பேசி 400 பவுண்டில் சமாதானமானதும் என்று நிமிஷம் நிமிஷமாகச் சொன்னார். முடிவில் "கேப்டன் கேட்டது சரிதான், நான் இன்னும் 200 கொடுத்திருக்கலாம்" என்றார். அவரைத்தான் எடுத்தோம்.

ஆனால் அந்த 14 மாதக்காரர் எங்கள் அறைக்குள் வந்ததே உள்ளே இருந்த ஒருவர் சிபாரிசால். ஹெச்.ஆர். சல்லடை 2 வருஷத்துக்குக் கீழே இருப்பவர்களைக் கொட்டிவிடுகிறது. விண்ணப்பங்கள் வந்து குவியும்போது ஏதோ ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும், புரிகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே யார் யார் போனார்கள் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

20 ஏப்ரல் 2024

விமானிகள் 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, டிஸ்பாட்சருக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு: 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் என்ற ரீஜனலின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். குடும்பத்தார் விடாமல் போராடி 2010இல் சட்டம் வந்தது, 2013இல் விதி அமலானது. டிஸ்பாட்சருக்கு அப்படி மணிக்கணக்கு எதுவும் இல்லை. கம்பெனிப் பயிற்சி, தேர்ச்சிச் சோதனை, வருஷத்துக்கு 5 மணி நேரம் விமானி அறையில் உட்கார்ந்து பார்ப்பது, இவ்வளவுதான். சட்டம் அளவு வைக்காததால்தான் ஒவ்வொரு ஏர்லைனும் தன் இஷ்டத்துக்கு ஓர் அளவு வைத்துக்கொள்கிறது.

எனக்குக் கேட்டால் மணிக்கணக்கு வேண்டாம். பாலைவனத்தில் 2,000 மணி நேரம் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும், ஒரு குளிர்காலம் முழுக்க சிகாகோவுக்கு அனுப்பியவருக்கும் எண்ணை வைத்து எப்படி ஒப்பிடுவது?

22 ஏப்ரல் 2024

ஒரு திருத்தம். அந்த 5 மணி நேரத்தில் கூடுதல் டேக்-ஆஃப், லேண்டிங் பார்த்தால் இரண்டரை வரை குறைத்துக்கொள்ளலாம். சிமுலேட்டர் பயிற்சியைப் பார்த்தும் ஈடுகட்டலாம். இருந்தாலும் நிஜ விமானத்தில் போங்கள். டெக்ஸ்ட் அனுப்பினால் ஏன் கேப்டன் 4 நிமிஷம் பதில் போடவில்லை என்பது விமானி அறையின் கூடுதல் இருக்கையான ஜம்ப்சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

20 ஜூலை 2024

நேற்று முழுக்கத் தூக்கம் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டால் உலகமே கம்ப்யூட்டரில் நீலத்திரை பார்த்தது உங்களுக்குத் தெரியும். டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் எல்லாமே கிளம்பலை நிறுத்தின. கிளம்பாததை நிறுத்திவிடலாம். மேலே பறந்துகொண்டிருப்பதை நிறுத்த முடியாதே.

எங்கள் அறையில் என் வரிசையில் பாதித் திரைகள் போய்விட்டன. 30 வருஷ ஆள் ஒருவர் கையில் இருந்த காகிதத்தில் தன் விமானங்களின் பெயர், கிளம்பிய நேரம், எரிபொருள் எல்லாவற்றையும் நினைவிலிருந்தே எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் ரேடியோவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அவரைப் பார்த்து நாங்களும் எழுதினோம். 2 வருஷ ஆள், 30 வருஷ ஆள் வித்தியாசம் எங்கே என்று கேட்டவருக்கு: நேற்று அங்கே இருந்தது.

11 செப்டம்பர் 2024

இன்று எட் பாலிஞ்சரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 2001இல் யுனைடெட் டிஸ்பாட்சர். விமானங்கள் நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் மோதிய செய்தி வந்ததும், 9:19க்கு, விமானி அறைக்குள் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தன் பொறுப்பில் இருந்த விமானங்களுக்கு எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். யுனைடெட் 93இன் முறை வந்தது 9:23க்கு. 9:26க்கு அதன் கேப்டன் ஜேசன் டால், செய்தியை உறுதிப்படுத்தும்படி கேட்டுப் பதில் அனுப்பினார். 9:28க்குக் கடத்தல் தொடங்கிவிட்டது. விசாரணைக் குழு அறிக்கையில் இந்த நிமிஷங்கள் எல்லாம் பதிவாகி இருக்கின்றன.

பயிற்சிக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே ஆள், ஒரே விசைப்பலகை, வரிசையில் பல விமானங்கள்.

29 செப்டம்பர் 2024

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. லோடு கன்ட்ரோல் மேஜையில் செல்லும் என்று பிப்ரவரியில் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. ரீஜனலில் இருந்த என் கடைசி வருஷத்தில் ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தேன். அவரும் லோடு பிளானிங்கிலிருந்து வந்தவர்தான்.

50 நிமிஷ ஓட்டம், சி.ஆர்.ஜே. 200, சீட் முழுக்க நிரம்பி பெட்டிகளும் ஏறிவிட்டன. எரிபொருள் இல்லாமல் எடை 44,000 பவுண்டு, அதன் உச்ச வரம்பு அதுதான். இறங்கும்போது உச்ச வரம்பு 47,000. அதாவது இறங்கும்போது தொட்டியில் 3,000க்கு மேல் இருக்கக் கூடாது. நான் தூரத்து அல்டர்நேட் ஒன்றைப் போட்டு, வட்டமடிக்கவும் கொஞ்சம் சேர்த்து, டேக்-ஆஃப் எடை சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். குறுகிய ஓட்டம், எரிந்து தீர நேரமே இல்லை. அந்தப் பெண் திரையைக்கூடப் பார்க்கவில்லை. "சார், இது இறங்கறப்ப இடிக்கும். ஒண்ணு நாலஞ்சு பேரை இறக்கணும், இல்லன்னா கிட்டக்க ஒரு அல்டர்நேட் வேணும். கிட்டக்க இருக்கறது வானிலை தாங்குமா?" என்றார். தாங்கியது. மாற்றினோம், ஒரு பயணியையும் இறக்கவில்லை.

கம்ப்யூட்டரும் அதைச் சொல்லியிருக்கும். ஆனால் அது சொல்லும் நேரத்தில் பயணிகள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். 3,000 என்ற எண் அவர் தலையில் இருந்ததற்குக் காரணம், வருஷக்கணக்கில் அந்தக் கணக்கோடு வாழ்ந்திருந்தார். ஆகவே தம்பி, இன்டர்வியூவில் "7 வருஷம் லோடு கன்ட்ரோல்" என்று ஆரம்பிக்காதே. டிரிம் ஷீட்டில் எடை இடித்து நீ ஒரு விமானத்தை நிறுத்திவைத்த நாள் ஒன்று கட்டாயம் இருக்கும். ஏர்போர்ட் மேனேஜர் கத்தியிருப்பார். அந்த நாளைச் சொல்லு.

30 செப்டம்பர் 2024

லோடு கன்ட்ரோல் 5 வருஷம், ராம்ப் 2. நேற்று இரண்டையும் சேர்த்து 7 என்று எழுதிவிட்டேன். விண்ணப்பத்தில் நீயும் பிரித்தே எழுது. வேலை பார்த்த காலத்தைச் சரிபார்ப்பார்கள்.

9 நவம்பர் 2024

தேர்வு பாஸ் என்ற செய்தியைப் பார்த்து வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். ரொம்பச் சந்தோஷம், தம்பி.

இரண்டு ரீஜனலிலிருந்து ஆஃபர், எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். ஒன்று வீட்டுக்குப் பக்கம், சம்பளம் கொஞ்சம் கூட, ஆனால் ஒரே பகுதிக்குள் பறப்பது. இன்னொன்று மத்திய மேற்கில், குளிர்காலம் பூராவும் பனி, வகுப்பு இரண்டு வாரம் முன்னால் தொடங்குகிறது.

சீனியாரிட்டிக்காக முன்னால் தொடங்குவதை எடு என்று பலர் சொல்வார்கள். ஒரே கம்பெனியில் தங்குபவருக்கு அது சரி. ஷிப்ட், விடுமுறை, மேஜை எல்லாம் அந்தச் சீனியாரிட்டி எண்ணை வைத்துத்தான். பெரிய ஏர்லைனுக்குப் போகும்போது நானும் 5 வருஷத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பட்டியலில் கடைசி ஆளாக நடு ராத்திரி ஷிப்டில்தான் ஆரம்பித்தேன். நீயும் இரண்டு வருஷத்தில் கிளம்புவாய் என்றால் அந்த இரண்டு வாரம் கணக்கே இல்லை.

பனிக்குப் போ. வீட்டில் பேசி, அவர்களும் சம்மதித்தால். ஓடுபாதையில் பனி அள்ளும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, 40 விமானம் உன் பெயரில் வரிசையில் நிற்கும்போது, இந்தியாவில் போட்ட எடைக் கணக்கு உனக்குக் கை கொடுக்கும். தங்குவதற்கு இடம் பார்க்கும்போது ஜன்னலை முழுசாக இருட்டாக்க முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள். முதல் வருஷம் பகலில்தான் தூங்குவாய்.